அதே மாதம், மூன்று கதாசிரியர்கள்: 2001-ல் எக்ஸ்-மென்னுக்கு நடந்தது

புதுமையாக எழுதும் ஒரு கதாசிரியர் பிரபல சூப்பர்ஹீரோவைக் கையில் எடுத்தால் அவருடைய கூர்மை மழுங்கிவிடுமா? இந்தக் கேள்விக்கு காமிக்ஸ் ரசிகர்கள் பெரும்பாலும் ஆளை வைத்தே பதில் சொல்கிறார்கள். அவருக்குச் சலித்துவிட்டது, காசுக்கு எழுதினார், பழைய சரக்கு தீர்ந்துவிட்டது என்பார்கள். இந்தப் பதில்கள் எனக்கு ஒருபோதும் போதவில்லை. ஒருவர் எழுதிய ஒரு தொடரை மட்டும் பார்த்தால், குறை அவரிடமா அவருக்குக் கிடைத்த சூழலிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே அலுவலகத்தில், ஒரே நேரத்தில், பல கதாசிரியர்கள் ஒரே உலகத்தை எழுதியிருந்தால் ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

அப்படி ஒரு வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது: பிறவியிலேயே அசாதாரண சக்தி கொண்ட 'மியூட்டன்ட்'களின் குழுவான எக்ஸ்-மென்னின் கதைகள். அட்டையில் 2001 ஜூலை என்று தேதியிட்டு மார்வெல் வெளியிட்ட மூன்று இதழ்கள்: கிராண்ட் மாரிசன் எழுதிய நியூ எக்ஸ்-மென் 114, ஜோ கேசி எழுதிய அன்கேனி எக்ஸ்-மென் 394, பீட்டர் மிலிகன் எழுதிய எக்ஸ்-ஃபோர்ஸ் 116. மூவரும் அதற்கு முன்பே தங்கள் கற்பனையை நிரூபித்தவர்கள். மூவருக்கும் மேலே இருந்தவர்களும் ஒரே இருவர்தான்: தலைமைப் பதிப்பாசிரியர் ஜோ கசாடா, பதிப்புப் பிரிவின் தலைவர் பில் ஜெமாஸ்.

மார்வெல் ஏன் இப்படி ஒரு துணிச்சலில் இறங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-ல் எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஐந்தே ஆண்டுகளில், 1996 டிசம்பரில், மார்வெல் திவால் மனு கொடுத்தது. 2000-ல் எக்ஸ்-மென் திரைப்படம் வெற்றி பெற்றது. ஆனால் படம் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தவருக்குக் கொடுக்கத் தகுந்த இதழ் ஒன்றும் இல்லை. முப்பது வருடத்துக் குடும்பச் சிக்கல்கள் தெரிந்தால்தான் கதை புரியும் என்ற நிலை. அந்த நெருக்கடிதான் கதவைத் திறந்தது. நிறுவனத்துக்கு அவசரம் இருந்தது, அதனால் அனுமதியும் இருந்தது.

மாரிசன் அதற்கு முன்

கிளாஸ்கோவில் 1960-ல் பிறந்தவர் மாரிசன். 2000 ஏடி என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழில் 1987 முதல் ஜெனித் என்ற தொடரை எழுதினார். லயன் காமிக்ஸ் வழியாக நமக்கெல்லாம் சட்டித்தலையன் ஆர்ச்சியாகப் பழக்கமான ரோபாட் ஆர்ச்சியை அந்தத் தொடரின் மூன்றாம் பாகத்தில் அவர் கொண்டுவந்திருப்பது தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி. 1988-ல் டிசி நிறுவனம் அவருக்கு அனிமல் மேனைக் கொடுத்தது. யாரும் சீண்டாத, 1960-களின் இரண்டாம் தர நாயகன். அந்த 26 இதழ்களின் முடிவில் நாயகன் தன்னை எழுதுகிற மாரிசனையே நேரில் சந்திக்கிறான். அடுத்து டூம் பேட்ரோல். அதில் ஓர் ஓவியம் பாரிஸ் நகரத்தை விழுங்குகிறது. இந்த இரண்டிலும் அவர் இஷ்டத்துக்கு எழுத முடிந்ததற்கு ஒரு சாதாரணக் காரணம், அந்தப் பாத்திரங்களால் டிசிக்குப் பெரிய வருமானம் இல்லை என்பதே.

1997-ல் டிசியின் பெரிய நாயகர்கள் எல்லாம் ஒன்றுசேரும் ஜேஎல்ஏ இதழ் வந்தபோது நிலைமை தலைகீழ். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் எல்லாருக்கும் சொந்த மாத இதழ்கள் உண்டு. அங்கே என்ன நடக்கிறதோ அதை மாரிசன் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து சூப்பர்மேனின் சொந்த இதழ்களில் அந்த நாயகனை நீல நிற மின்சார உருவமாக மாற்றி வைத்திருந்தார்கள். அந்த மாற்றம் பலருக்குப் பிடிக்கவில்லை. மாரிசன் அதைச் சபித்துக்கொண்டு எழுதவில்லை. அந்த மின்காந்த சக்தியை வைத்தே, பூமியை நோக்கி விழும் நிலவை சூப்பர்மேன் தடுத்து நிறுத்துவது போல ஒரு கதை செய்தார். கையைக் கட்டிப்போட்டாலும் அவருடைய கற்பனை ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆகவே பெரிய பாத்திரங்களைத் தொட்டதும் மூளை மந்தமாகிவிடும் என்ற கருத்தை இந்த ஆளின் விஷயத்தில் முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

மூன்று இதழ்களில் ஓர் உலகம்

நியூ எக்ஸ்-மென்னின் முதல் கதை மூன்றே இதழ்கள், 114 முதல் 116 வரை. ஓவியம் ஃபிராங்க் குவைட்லி. நாயகர்களின் பளபளப்பான உடைகள் போய் கறுப்புத் தோல் ஜாக்கெட்டுகள் வந்தன. தலைப்பு எழுத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதேபோல் படிக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். இதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே அவர் செய்த வேலை வேறு.

ஜெனோஷா என்ற மியூட்டன்ட் நாட்டை கசாண்ட்ரா நோவா என்ற புது வில்லி, மியூட்டன்ட்களை வேட்டையாடும் ராட்சத ரோபாட்களான சென்டினல்களை ஏவி அழிக்கிறாள். 1 கோடியே 60 லட்சம் பேர் ஒரே நாளில் சாகிறார்கள். இன்னொரு பக்கம், மனித இனம் இன்னும் சில தலைமுறைகளில் அற்றுப்போகும், அடுத்து இருக்கப்போவது மியூட்டன்ட்கள்தான் என்று எக்ஸ்-மென் குழுவின் விஞ்ஞானி பீஸ்ட் கண்டுபிடிக்கிறார். எக்ஸ்-மென்னை உருவாக்கிய பேராசிரியர் சேவியர் இத்தனை காலம் ரகசியமாக நடத்திய பள்ளி உலகத்துக்கே தெரிந்த பள்ளியாகிறது.

இந்தக் கடைசி மாற்றத்தின் விளைவுகளைத்தான் அவர் அடுத்த மூன்று ஆண்டுகள் எழுதினார். 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் தொடங்கியதிலிருந்து மியூட்டன்ட் என்றால் துரத்தப்படும் சிறுபான்மை. உலகம் வெறுக்கும், அவர்கள் அதே உலகத்தைக் காப்பாற்றுவார்கள். மாரிசன் அதைத் தாண்டி ஒன்று கேட்டார். இத்தனை பேர் இருந்தால் அவர்களுக்கென்று ஒரு பண்பாடு உருவாகாதா? அவர்களுக்கென்று துணிக்கடை, இசை, பேட்டை இருக்காதா? நியூயார்க்கில் மியூட்டன்ட் டவுன் வந்தது. உலகம் முழுக்க எக்ஸ்-கார்ப்பரேஷன் அலுவலகங்கள் வந்தன, மும்பையிலும் ஒன்று. பள்ளி நிறைய மாணவர்கள் வந்தார்கள். பறவை மூக்கும் பறக்க முடியாத இறக்கையுமாக பீக். உடம்பு முழுக்க ஊடுருவித் தெரியும் கூழ் போன்ற கிளாப் ஹெர்மன். ஜாடியில் மிதக்கும் வெறும் மூளையான மார்த்தா. அழகான, சக்திவாய்ந்த மியூட்டன்ட்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பிள்ளைகள் புதிது. சிறுபான்மைக்குள்ளும் ஓரத்தில் நிற்கிறவர்கள் உண்டு என்பதை அவர் பிரசங்கம் செய்யாமல் வகுப்பறையில் உட்காரவைத்தே காட்டினார்.

135 முதல் 138 வரையிலான கலவரக் கதை இந்தத் தொடரின் உச்சம் என்பது என் கணிப்பு. குவென்டின் குவயர் என்ற புத்திசாலி மாணவன் "மேக்னீட்டோ சொன்னதே சரி" என்று எழுதிய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு பள்ளியில் கலகம் செய்கிறான். மியூட்டன்ட்களுக்காக மனிதரோடு மோதி இறந்துபோன தீவிரவாதி மேக்னீட்டோவின் முகம் இளைஞர் நாகரிகமாக மாறிவிட்டது. மனிதரும் மியூட்டன்ட்களும் சேர்ந்து வாழும் சேவியரின் கனவு எப்போது நிறைவேறும் என்று அவன் கேட்பது நாற்பது வருடமாக வாசகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு தொடர்கதையின் அடிப்படை வாக்குறுதியையே அந்தக் கதைக்குள் இருக்கும் ஒரு பையனை விட்டுக் கேட்கவைப்பதற்குத் தைரியம் வேண்டும். அதுவும் நிறுவனத்தின் முதன்மையான சொத்தில்.

மழுங்கிய இடங்கள்

குறைகள் இல்லையா என்றால், நிறைய. முதல் குறை மாதக்கெடு. குவைட்லி நிதானமாக வரைகிறவர். ஒவ்வொரு மாதமும் அவரால் கொடுக்க முடியாது. ஈத்தன் வான் ஸ்கைவர், இகோர் கோர்டே, ஃபில் ஹிமெனஸ், கிறிஸ் பசாலோ, மார்க் சில்வெஸ்ட்ரி என்று ஓவியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கோர்டே திறமைசாலி, ஆனால் அவரிடம் மிகக் குறைந்த அவகாசத்தில் பக்கங்களைக் கேட்டு வாங்கினார்கள். அது பக்கத்தில் தெரிகிறது. ஒரு முகம் இந்த இதழில் ஒருவிதம், அடுத்ததில் வேறுவிதம். 121-ஆம் இதழ் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் சேவியரின் மனதுக்குள் நடக்கிறது. குவைட்லி வரைந்ததால் மட்டுமே அது நிற்கிறது. அதே கதை அவசரக் கைகளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. காமிக்ஸில் கதாசிரியரின் கூர்மை என்பதில் பாதி ஓவியருடையது. மாத இதழ் முறை முதலில் தின்பது அந்தப் பாதியை.

இரண்டாவது, 146 முதல் 150 வரையிலான பிளானட் எக்ஸ். சாந்தமான ஆசிரியராக எல்லாரும் நம்பிய ஸோர்ன், முகமூடியைக் கழற்றியதும் மேக்னீட்டோ. நியூயார்க்கைக் கைப்பற்றி, போதையில் தடுமாறி, கடைசியில் எக்ஸ்-மென் நாயகன் வுல்வரின் கையால் தலை துண்டிக்கப்பட்டுச் சாகிறார். எக்ஸ்-மென் நாயகி ஜீன் கிரேயும் சாகிறார். மேக்னீட்டோவை இவ்வளவு சிறுமைப்படுத்தியிருக்கக் கூடாது என்று ரசிகர்கள் அன்றும் கோபப்பட்டார்கள், இன்றும் கோபப்படுகிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஜெனோஷாவில் மக்களை இழந்த ஒரு தலைவனுக்கு அந்தத் துக்கத்தைப் பேச ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம். ஆனால் மாரிசன் என்ன செய்ய நினைத்தார் என்பதும் தெளிவாகவே தெரிகிறது. மேக்னீட்டோவின் சொந்த மாணவர்களுக்கே அவரைவிட ஸோர்னைத்தான் பிடித்திருந்தது. டி-ஷர்ட்டில் இருந்தவரை அவர் ஒரு சின்னம். திரும்பி வந்ததும் பழைய வசனத்தையே பேசும் கிழவர். வில்லன் திரும்பத் திரும்ப வருவதன் அலுப்பை அவர் அந்த வில்லன் மேலேயே ஏற்றி எழுதினார்.

151 முதல் 154 வரையிலான கடைசிக் கதை 150 ஆண்டு எதிர்காலத்தில் நடக்கிறது. எல்லாச் சண்டைக்கும் பின்னால் இருப்பது சப்ளைம் என்ற பழைமையான, அறிவுள்ள பாக்டீரியா என்று அங்கே தெரிகிறது. மனிதரையும் மியூட்டன்ட்களையும் மோதவிட்டு அது பிழைக்கிறது. இதைப் படிக்கும்போது அவர் பேசுவது மாதாமாதம் வந்தே ஆக வேண்டிய தொடர்கதையைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை முடிந்துவிட்டால் இதழும் முடிந்துவிடும் அல்லவா? அந்தக் கதை முடிவில் ஜீன், தன் கல்லறை முன் நிற்கும் கணவர் ஸ்காட்டை, குழுவின் இன்னொரு நாயகியான எம்மா ஃபிராஸ்டுடன் வாழ விடுகிறார். அதாவது, போனதைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, முன்னால் போ. அடுத்து எழுத வருகிறவர்களுக்கும் அவர் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

போன பிறகு

மாரிசன் டிசியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது 2003-ல். அதே ஆண்டு அக்டோபரில் ஜெமாஸ் பதிப்பாளர் பொறுப்பிலிருந்து போனார். மாரிசனின் கடைசி இதழின் தேதி 2004 மே. அடுத்து நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் இந்த வழக்கின் உண்மை புரியும்.

2004 ஜூலை தேதியிட்ட எக்ஸ்காலிபர் முதல் இதழ், எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட்: மேக்னீட்டோ உயிரோடு ஜெனோஷாவில் இருக்கிறார். இறந்தது மேக்னீட்டோ போல நடித்த ஸோர்ன் என்று விளக்கம். அதே மாதத் தேதியில் ஜாஸ் வீடனும் ஜான் கேசடேயும் ஆஸ்டானிஷிங் எக்ஸ்-மென் தொடங்கினார்கள். நாயகர்கள் பழைய வண்ண உடைகளுக்குத் திரும்பினார்கள். (நல்ல தொடர், அதை நான் குறை சொல்லவில்லை.) 2005-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதிய ஹவுஸ் ஆஃப் எம் கதையில் ஸ்கார்லெட் விட்ச் என்ற மந்திர சக்தி கொண்ட நாயகி ஒரு வாக்கியம் சொல்கிறாள், லட்சக்கணக்கான மியூட்டன்ட்கள் சக்தி இழந்து சில நூறு பேர் மட்டும் மிஞ்சுகிறார்கள். மியூட்டன்ட் டவுனும் பண்பாடும் அடுத்த தலைமுறையும் ஒரே வீச்சில் போயின.

இனி, எவை மிஞ்சின என்று பார்ப்போம். எம்மாவுக்கு மாரிசன் கொடுத்த, வைரமாக மாறும் உடல் இன்றும் இருக்கிறது. ஸ்காட்-எம்மா உறவு எட்டு ஆண்டுகள் நீடித்தது. பீஸ்டுக்கு அவர் கொடுத்த பூனை முகம் அதைவிடவும் கூடுதல் காலம். ஜீன் கிரே 2017 இறுதி வரை கல்லறையிலேயே இருந்தார். சூப்பர்ஹீரோ கதையில் அது நீண்ட காலம். குவென்டின் குவயர், ஃபான்டமெக்ஸ், ஸ்டெப்ஃபோர்ட் சகோதரிகள், கிளாப் என்று அவர் படைத்தவர்கள் தொடர்ந்து வந்தார்கள். கசாண்ட்ரா நோவா 2024-ல் டெட்பூல் & வுல்வரின் படத்தின் வில்லியானார். அதே ஆண்டு எக்ஸ்-மென் '97 அனிமேஷன் தொடர் ஜெனோஷா படுகொலையை எடுத்தது, பார்த்தவர்கள் கலங்கிப்போனார்கள்.

ஆக, மாரிசன் படைத்த ஆட்களையும் அதிர்ச்சிகளையும் நிறுவனம் பத்திரமாக வைத்துக்கொண்டது. அவர் கொண்டுவந்த அடிப்படை எண்ணத்தை மட்டும் ஓராண்டில் அகற்றியது. மியூட்டன்ட்கள் இனிமேல் பெரும்பான்மை ஆகப்போகிறவர்கள், அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை உண்டு என்பதுதான் அந்த எண்ணம். மற்ற எல்லாமே அதிலிருந்து முளைத்தவை.

கசாடா தரப்பில் ஒரு வாதம் இருந்தது, அதைத் தள்ளிவிட முடியாது. மியூட்டன்ட்கள் எங்கு பார்த்தாலும் இருந்தால், ஒதுக்கப்பட்டவர்களின் கதை என்ற தன்மை போய்விடும், எந்தப் புது நாயகனும் மியூட்டன்ட் என்று சொல்லிச் சுலபமாகக் கதையை முடித்துவிடலாம் என்றார் அவர். கதை நுட்பம் என்ற அளவில் இது சரியான கவலை. ஆனால் உலகத்தில் ஒதுக்கப்பட்ட எந்த மக்களும் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் மட்டும் ஒதுக்கப்படவில்லை. கோடிக்கணக்கில் இருந்தும் மிதிபடுகிறவர்கள் உண்டு. நமக்கு அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாரிசனின் வடிவம்தான் அந்த உண்மைக்கு நெருக்கமானது. அதைக் கைவிட்டது பெரும் இழப்பு.

மற்ற இருவர்

ஜோ கேசியின் அன்கேனி எக்ஸ்-மென் 409-ஆம் இதழோடு நின்றது. ஓர் ஆண்டுக்கும் சற்று மேல். லண்டன் பின்னணியில் பாப் பாடகியோடு சேம்பர் என்ற எக்ஸ்-மென் நாயகனுக்குக் காதல், மியூட்டன்ட்கள் வேலை செய்யும் பாலியல் விடுதி என்று தனித்தனி யோசனைகள் நிறைய. எதுவும் ஒட்டவில்லை. அதே ஆசிரியர் 2002-ல் தொடங்கிய வைல்ட்கேட்ஸ் 3.0 இதழில் சூப்பர்ஹீரோக்களை ஒரு வணிக நிறுவனமாக மாற்றி அசத்தினார். ஆகவே திறமைக் குறைவு என்று சொல்ல வழியில்லை. அன்கேனியில் அவருக்கு இடமும் அனுமதியும் இருந்தன. மியூட்டன்ட் என்றால் இப்போது என்ன என்ற கேள்விக்குச் சொந்தமான பதில் ஒன்று இல்லை. பக்கத்து இதழில் மாரிசனிடம் அது இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் புதிதாகச் சொல்ல முயன்றால் ஒருவர் எதிரொலியாகிவிடும் ஆபத்தும் உண்டு.

மிலிகன் நிலைமை இன்னும் சுவாரசியம். எக்ஸ்-ஃபோர்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை முழுக்க மாற்றினார். மைக் ஆல்ரெட் ஓவியம். புகழுக்காகவும் பணத்துக்காகவும் சாகசம் செய்யும், தொலைக்காட்சியில் வரும் ஒரு குழு. முதல் இதழிலேயே அறிமுகமானவர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டார். காமிக்ஸ் துறையின் சுயதணிக்கை முறையான காமிக்ஸ் கோடின் முத்திரை கிடைக்காமல் அந்த இதழ் வெளியானது. அதன் பிறகு மார்வெல் அந்த முறையையே கைவிட்டது. பின்னர் எக்ஸ்-ஸ்டாடிக்ஸ் என்று பெயர் மாறி 2004 வரை ஓடியது. அங்கும் ஒரு எல்லை இருந்தது: இளவரசி டயானாவை உயிர்ப்பித்துக் குழுவில் சேர்க்கும் கதை 2003-ல் பிரிட்டனில் எதிர்ப்பைக் கிளப்பியதும், பாத்திரத்தை வேறொரு கற்பனைப் பாடகியாக மாற்றினார்கள்.

சரி, அடுத்து? அதே மிலிகனுக்கு 2005-ல் முதன்மை எக்ஸ்-மென் இதழைக் கொடுத்தார்கள். 166 முதல் 187 வரை. சால்வடோர் லரோகா ஓவியம். நாயகர்கள் பழைய ரோக், கேம்பிட், ஐஸ்மேன், ஹவோக். அதைப் படித்தபோது இரண்டும் ஒரே கையெழுத்து என்று நம்புவதே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆள் அவரே, நிறுவனமும் அதுவே, இடையில் ஒரு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. மாறியது எது? எக்ஸ்-ஸ்டாடிக்ஸில் யாரையும் கொல்லலாம், யாரையும் மாற்றலாம். இங்கே எவரையும் வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு ஹவுஸ் ஆஃப் எம் போன்ற பொதுக் கதைகள் நடுவில் வந்து குறுக்கிடும். மிலிகனின் பலம் மனிதர்களின் பலவீனத்தைக் கடைசிவரை துரத்திச் செல்வது. கடைசிவரை போக அனுமதி இல்லாத பாத்திரத்தில் அந்தப் பலத்துக்கு வேலை இல்லை. மாரிசன் அப்படி இல்லை. அவர் பாத்திரத்தைத் தொடாமல் அதைச் சுற்றியிருக்கும் உலகத்தை மாற்றத் தெரிந்தவர். ஜேஎல்ஏயில் கற்ற பாடம் அது. கட்டுப்பாடு எல்லாக் கதாசிரியரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை என்பதை இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் நான் உணர்ந்தேன்.

மாரிசனுக்கும் கட்டுப்பாடு வலிக்கவே செய்தது என்பதற்கு ஆல்-ஸ்டார் சூப்பர்மேன் இருக்கிறது. 2005 முதல் 2008 வரை, பன்னிரண்டே இதழ்கள், மாதக்கெடு கிடையாது, மற்ற இதழ்களோடு தொடர்பு கிடையாது, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை குவைட்லி. சூப்பர்மேனைவிடப் பெரிய வணிகப் பாத்திரம் இல்லை. ஆனாலும் இது மாரிசனின் மிகச் சிறந்த படைப்பு என்பேன். காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதுகளும் கிடைத்தன. நியூ எக்ஸ்-மென்னில் எது குறைந்தது என்பதை இந்தப் பன்னிரண்டு இதழ்கள் துல்லியமாகக் காட்டுகின்றன: அவகாசம், ஒரே ஓவியர், முடிவு எழுதும் உரிமை.

மறுபடியும் அதே

2019-ல் ஜொனதன் ஹிக்மன் வந்து மியூட்டன்ட்களுக்கு கிராக்கோவா என்ற நாட்டையும் அவர்களுக்கென்று மொழியையும் கொடுத்தார். ஹவுஸ் ஆஃப் எம் மூடிய கதவை பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒருவர் திறந்தார். படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அவர் மூன்று கட்டமாகத் திட்டமிட்டிருந்தார். மற்ற கதாசிரியர்கள் முதல் கட்டத்திலேயே இன்னும் கொஞ்சம் இருக்க விரும்பியதால் 2021 இறுதியில் விலகிக்கொண்டார். இந்த முறை நிறுவனம் ஓராண்டில் கலைக்கவில்லை, ஐந்து ஆண்டுகள் விட்டுவைத்தது. 2024-ல் கிராக்கோவா முடிந்து, எக்ஸ்-மென் மறுபடி சிதறிய சிறு குழுக்களாகப் பழைய பாணிக்குத் திரும்பினார்கள்.

நியூ எக்ஸ்-மென்னை இப்போது புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் 114-ல் தொடங்கி 154-ல் நிறுத்திவிடுங்கள். இடையில் 2001 ஆண்டு மலரை விடக்கூடாது. ஸோர்ன் அங்குதான் அறிமுகமாகிறார். ஸோர்ன் யார் என்பதை மாற்றிச் சொல்லும் பிந்தைய இதழ்கள் எதுவும் தேவையில்லை, மாரிசன் எழுதிய முடிவு அந்தக் கதைக்குப் போதும். அதன் பிறகு நேராக 2019-க்குப் போய்விடலாம்.